இளவேனிலுக்கு எந்த பீர்?

குளிர்காலம் முடிந்ததும் பீரும் லேசாகிவிட வேண்டும் என்பது பொதுவாக நிலவும் கருத்து. பனி மாதங்களில் கறுத்து அடர்ந்த பீர், மார்ச் பிறந்துவிட்டால் வெளிறிய மெல்லிய பீர் என்றுதான் பருவத்துக்கேற்ற பீர் பற்றிய பரிந்துரைகள் பெரும்பாலும் எழுதப்படுகின்றன. மியூனிக்கில் வசிக்கும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. இங்கே இளவேனில் ஒரே சீரான பருவம் அன்று. மார்ச்சில் பனி கொட்டும். ஏப்ரலில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து வெப்பக் காற்று இறங்கும் நாளில் 20 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும். மறுநாளே கம்பளிச் சட்டையை மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். மே 15, புனித சோஃபியாவின் நாள் கழியும் வரை அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் தக்காளி நாற்றை வெளியே நடுவதில்லை, ஏனெனில் அதுவரை இரவில் உறைபனிக்கு வாய்ப்பு உண்டு. பகலில் வெயிலும் பொழுது சாய்ந்ததும் குளிருமாக இருக்கும் இந்த மாதங்களுக்குப் பொருத்தமானது எது என்று கேட்டால், வெளிர்நிறமும் உள்ளே வலுவும் ஒருங்கே அமைந்த மாய்பொக் என்னும் மே மாத பீரைத்தான் நான் முதலில் சொல்வேன். மற்ற வகைகளுக்கும் அவற்றுக்குரிய நாட்கள் உண்டு. அந்த நாட்கள் எவை என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

பீருக்கும் பருவத்துக்கும் பவேரியாவில் உள்ள தொடர்பு விற்பனைக்காக உண்டாக்கப்பட்டதன்று. ஈஸ்டின் இயல்பிலிருந்து வந்தது. லாகர் வகைகளுக்கான ஈஸ்ட் ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி வரையிலான குளிரில் மெதுவாக நொதிக்கும். ஏல், கோதுமை பீர் போன்றவற்றின் ஈஸ்டுக்கு அதைவிட வெப்பம் வேண்டும். குளிரூட்டும் எந்திரங்கள் இல்லாத காலத்தில் வெயில் ஏற ஏற வேண்டாத நுண்ணுயிர்கள் புகுந்து பீரைப் புளிக்கச் செய்தன. எனவே 1553-ஆம் ஆண்டில் பவேரியாவின் டியூக் ஐந்தாம் ஆல்பிரெக்ட், ஏப்ரல் 23-ஆம் தேதியான புனித ஜார்ஜ் திருநாள் முதல் செப்டம்பர் 29-ஆம் தேதியான புனித மிக்கேல் திருநாள் வரை பீர் காய்ச்சுவதற்குத் தடை விதித்தார். தடை தொடங்குவதற்கு முன்பு, மார்ச் மாதத்தில், சற்று வலுவான பீரைக் காய்ச்சி, ஆற்றங்கரை மேட்டைக் குடைந்து அமைத்த நிலவறைகளில் குளிர்காலத்துப் பனிக்கட்டியோடு வைத்துக் கோடை முழுவதும் காத்தார்கள். அதுதான் மெர்ட்சென். 1870-களில் கார்ல் வான் லிண்டே உருவாக்கிய குளிரூட்டும் எந்திரம் மியூனிக்கின் ஸ்பாட்டென் ஆலையில் முதன்முதலில் பயன்பாட்டுக்கு வந்த பிறகு இந்தக் கட்டுப்பாடுகளுக்கான தேவை போய்விட்டது. ஆனால் எந்த மாதத்தில் எதைக் குடிப்பது என்ற வழக்கம் மட்டும் மாறவில்லை. மெர்ட்செனை மார்ச்சில் தேடி வாங்குவோர் சிலர் உண்டு. அது மார்ச்சில் காய்ச்சி, கோடை கழிந்து குடிப்பதற்கென்றே உருவான பீர் என்பதால் இளவேனில் பட்டியலில் நான் அதைச் சேர்ப்பதில்லை.

மார்ச் மாதம் டொப்பெல்பொக் என்னும் வலுமிக்க அடர்நிற பீருக்கு உரியது. திருநீற்றுப் புதனுக்குப் பிறகு, தவக்காலத்தில், மியூனிக் நகரம் வலுவான பீருக்கு மாறுகிறது. பவுலா நகர்ப் புனித பிரான்சிசின் சபையைச் சேர்ந்த துறவியர் 17-ஆம் நூற்றாண்டில் இந்நகரின் ஆவ் பகுதியில் மடம் அமைத்து வாழ்ந்தார்கள்; திட உணவைக் குறைத்துக்கொண்ட நோன்பு நாட்களில் உடலுக்கு ஊட்டம் தரும்படி மால்ட் எனப்படும் முளைகட்டிய தானியம் நிறைந்த பீரைக் காய்ச்சினார்கள். ‘திரவ ரொட்டி’ என்று அது அழைக்கப்பட்டது. அவர்களுடைய புனிதரின் திருநாள் ஏப்ரல் 2 என்பதால், நோன்பும் திருநாளும் இந்த பீரும் ஒரே பருவத்தில் வந்து சேர்ந்தன. இன்று பவுலானெர் ஆலையின் சால்வாட்டோர் 7.9 சதவீத ஆல்கஹால் கொண்டது. அதைப் பின்பற்றி மற்ற ஆலைகளும் மாக்சிமாட்டோர், ட்ரியும்ஃபாட்டோர், செலிப்ராட்டோர் என்று தத்தம் டொப்பெல்பொக்கிற்குப் பெயர் சூட்டின.

இதன் வலுவைப் புரிந்துகொள்ள, நொதிப்பதற்கு முன்பு மால்ட் சாற்றில் எவ்வளவு சத்து கரைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மியூனிக்கில் அன்றாடம் குடிக்கும் வெளிர்நிற லாகரான ஹெல்லஸில் அது 11 முதல் 12 சதவீதம், பொக் என்று பெயரிட வேண்டுமானால் குறைந்தது 16 சதவீதம் இருக்க வேண்டும், டொப்பெல்பொக்கிற்கு 18. அந்தச் சத்து முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிடுவதில்லை. மிஞ்சுவது நாக்கில் கனமாகத் தங்குகிறது. ரொட்டியின் கருகிய மேலோடு, உலர்ந்த அத்தி, கேரமல் ஆகியவற்றை நினைவூட்டும் சுவை அது. வெளியே பனிச்சேறும் உள்ளே கணப்பும் இருக்கும் மார்ச் இரவுக்கு இதைவிட ஏற்ற பீர் எனக்குத் தெரியாது. ஆனால் ஏப்ரல் நடுவில், மரங்கள் துளிர்த்த பிறகு, அதே பீர் திகட்டத் தொடங்குகிறது. வெயிலில் அமர்ந்து குடித்தால் அந்த இனிப்பு மட்டுமே முன்னே நிற்கும். ஈஸ்டருக்குப் பிறகு டொப்பெல்பொக் வாங்குவதை நிறுத்திவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. பாம்பெர்க் நகருக்குத் தவக்காலத்தில் போகிறவர்கள், ஷ்லென்கெர்லா ஆலையில் அப்பருவத்துக்கென்று மட்டும் காய்ச்சும் புகைமணம் கொண்ட நோன்பு பீரைத் தவறவிட வேண்டாம். ஈஸ்டர் முடிந்தால் அடுத்த ஆண்டுதான் அது கிடைக்கும்.

இனி மாய்பொக். பொக் வகையின் பிறப்பிடம் பவேரியா அன்று. வட ஜெர்மனியின் ஐன்பெக் நகரம். ஹான்சா வணிகக் கூட்டமைப்பில் இருந்த அந்த ஊர், தொலைதூரப் பயணத்தைத் தாங்கும்படி வலுவாகக் காய்ச்சிய பீரைப் பல ஊர்களுக்கு அனுப்பிப் புகழ் பெற்றது. மியூனிக்கின் அரசவையும் அதைப் பெரும் செலவில் வரவழைத்தது. அந்தச் செலவைக் குறைக்கவே டியூக் ஐந்தாம் வில்ஹெல்ம் 1589-இல் ஹோஃப்ப்ராய்ஹவுஸ் என்னும் அரசவை ஆலையை நிறுவினார். ஆனால் ஐன்பெக் பீருக்கு இணையானதை அங்கே உடனே காய்ச்ச முடியவில்லை. 1614-இல் ஐன்பெக்கிலிருந்தே எலியாஸ் பிஹ்லர் என்ற பீர் வல்லுநரை வரவழைத்த பிறகுதான் அது கைகூடியது. இன்றும் பவேரிய மாநில அரசின் உடைமையாக இருக்கும் அந்த ஆலை, ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் மாய்பொக்கின் முதல் பீப்பாயைத் திறக்கிறது. அதில் ஆல்கஹால் 7.2 சதவீதம். ஐன்பெக்கின் ஆலையும் தன் மாய் பொக்கை இப்பருவத்தில் வெளியிடுகிறது, அது 6.5 சதவீதம்.

டொப்பெல்பொக்கிலிருந்து மாய்பொக் வேறுபடும் இடம் மால்ட். பார்லியை முளைகட்டி உலர்த்தும்போது எவ்வளவு சூடு கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பீரின் நிறமும் மணமும் அமைகின்றன. குறைந்த சூட்டில் உலர்த்திய வெளிர் மால்ட்டை மிகுதியாகவும், சற்றே கூடிய சூட்டில் உலர்த்திய மியூனிக் மால்ட்டை அளவோடும் சேர்த்து மாய்பொக்கைக் காய்ச்சுகிறார்கள். பழைய முறையை விடாத ஆலைகள் மால்ட் கலவையில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கொதிக்க வைத்து மறுபடியும் கலப்பார்கள். நிறத்தை அதிகம் கூட்டாமல் மணத்தைக் கூட்டும் வழி இது. கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியின் பூங்காயும் டொப்பெல்பொக்கில் இருப்பதைவிடச் சற்று அதிகம். எனவே கடைசி வாயில் ஒரு தெளிவான கசப்பு வந்து இனிப்பைத் துடைத்துவிடுகிறது. குளிர் மாதங்களிலேயே காய்ச்சி, உறைநிலைக்கு அருகில் பல வாரங்கள் முதிரவிட்டு எடுப்பதால், இவ்வளவு வலுவான பீரில் எதிர்பார்க்கக்கூடிய காரம் இதில் தெரிவதில்லை.

ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஹெல்லஸின் வைக்கோல் நிறம் இல்லை. டொப்பெல்பொக்கின் கபில நிறமும் இல்லை. ஆழ்ந்த பொன்னிறம், சில ஆலைகளில் அது செம்பின் பக்கம் சாய்ந்திருக்கும். நுரை வெண்மையாக, பொடிக் குமிழ்களோடு நெருங்கி நிற்கும். குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டு இறங்கும். முகர்ந்தால் நெய்யில் வறுத்த ரவையின் வாசம், அதன் பின்னால் லேசான தேன், இன்னும் சற்றுத் தள்ளி ஹாப்ஸின் பச்சிலை மணம். முதல் மிடறில் வாய் நிறைகிறது. ஆனால் விழுங்கியபின் நாக்கு உலர்ந்துவிடுகிறது. இந்த இரண்டும் ஒன்றாக நிகழ்வதுதான் இதன் சிறப்பு. ஹெல்லஸில் உலர்வு இருக்கும், நிறைவு குறைவு. டொப்பெல்பொக்கில் நிறைவு இருக்கும், உலர்வு குறைவு. சில்லென்று எடுத்தவுடன் இந்த மணங்களில் பாதி தெரியாது. 8 முதல் 10 டிகிரி வரை சரியான சூடு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் மேசையில் வைத்துவிட்டுத் திறந்தால் போதும். ஐஸ் போலக் குளிர்ந்திருப்பதே நல்ல பீருக்கு அடையாளம் என்ற எண்ணத்தோடு தமிழ்நாட்டு வெயிலில் பழகிவந்த நண்பர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

உணவோடு சேரும்போதும் இது மற்ற எந்த இளவேனில் பீரைவிடவும் கைகொடுக்கிறது. ஈஸ்டரையொட்டி இங்கே சமைக்கும் ஆட்டுக்குட்டி வறுவலுக்கு ஹெல்லஸ் ஈடுகொடுக்காது, இறைச்சியின் கொழுப்பில் அது காணாமல் போய்விடும். டொப்பெல்பொக்கோ இறைச்சியை அமுக்கிவிடும். மாய்பொக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முதிர்ந்த மலைப்பாலாடைக் கட்டியோடும், கரி அடுப்பில் சுட்ட தொத்திறைச்சியோடும் இது நன்றாகப் பொருந்துகிறது. காரமான நம் சமையலோடு மட்டும் எச்சரிக்கை தேவை. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைத் தூண்டிவிடும். மிளகு சேர்த்த ஆட்டுக்கறி வறுவல் என்றால் பொருந்தும். பச்சை மிளகாய் அரைத்துவிட்ட குழம்பு என்றால் கோதுமை பீருக்குப் போய்விடுவது நல்லது.

இந்த பீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று அளவு. அரை லிட்டர் ஹெல்லஸில், ஆல்கஹால் 5.2 சதவீதம் என்றால், 26 மில்லிலிட்டர் ஆல்கஹால் இருக்கிறது. அதே அரை லிட்டர் 7.2 சதவீத மாய்பொக்கில் 36 மில்லிலிட்டர். பொன்னிறத்தையும் எளிதாக இறங்கும் தன்மையையும் பார்த்து ஹெல்லஸ் போலவே எண்ணிக் குடிப்பவர் தம்மை அறியாமலேயே வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகக் குடித்துவிடுகிறார். ஜெர்மனியில் வாகனம் ஓட்டுவோருக்கு இரத்தத்தில் ஆல்கஹாலின் எல்லை ஆயிரத்தில் 0.5 பங்கு. மாய்பொக் குடிக்கும் மாலையில் ரயிலில் வீடு திரும்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்; ஒரு குவளை குடித்தபின் அடுத்ததாகத் தண்ணீர் கேட்பதில் எந்தக் குறையும் இல்லை.

வெயில் நிலைத்து அடிக்கும் நாளுக்கு ஹெல்லஸ். 1842-இல் பவேரியரான யோசெஃப் கிரோல் பொஹீமியாவின் பில்சென் நகரில் காய்ச்சிய பொன்னிற லாகர் ஐரோப்பாவெங்கும் பரவியபோது, கருநிற பீருக்குப் பேர்போன மியூனிக் ஆலைகள் நெடுங்காலம் தயங்கின. 1894-இல் ஸ்பாட்டென் ஆலை வெளியிட்ட ஹெல்லஸ்தான் அவர்கள் தந்த பதில். பில்ஸ்னரின் கசப்பைக் குறைத்து, மால்ட்டின் மென்மையை முன்னிறுத்திய பீர் அது. ஹெல்லஸில் குறையை மறைக்க இடமில்லை. கருகிய மால்ட்டின் மணமோ, ஹாப்ஸின் நெடியோ, பழவாசனையோ இல்லாததால், காய்ச்சியவரின் கைத்திறன் அப்படியே வெளியே தெரியும். ஆகவே இதைச் ‘சாதாரண பீர்’ என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஹெல்லஸைக் குடிக்க வேண்டிய இடம் பீர்த் தோட்டம். நிலவறைகளில் பீரைக் காத்த காலத்தில், மேலே உள்ள மண் சூடாகாமல் இருக்க ஆலைக்காரர்கள் குதிரைக் கஷ்கொட்டை மரங்களை நட்டுச் சரளைக் கல் பரப்பினார்கள். அந்த மரத்தின் இலை அகலம், வேரோ ஆழமாக இறங்காது, எனவே நிலவறையைச் சிதைக்காது. நிழலில் பலகை போட்டு அங்கேயே விற்கத் தொடங்கியபோது நகரத்தின் உணவு விடுதிக்காரர்கள் எதிர்த்தார்கள். 1812 ஜனவரி 4 அன்று அரசர் முதலாம் மாக்சிமிலியன் யோசெஃப் பிறப்பித்த ஆணை, ஆலைக்காரர்கள் தங்கள் நிலவறை வாசலில் பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர வேறு உணவு விற்கக்கூடாது என்று சமரசம் செய்தது. மக்கள் வீட்டிலிருந்தே உணவு கட்டிக்கொண்டு வந்தார்கள். மேசைவிரிப்பு இல்லாத பலகைகளில் அமர்ந்து சொந்த உணவை உண்ணும் உரிமை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பீரை மட்டும் அங்கே வாங்க வேண்டும். ஏப்ரல் இறுதியில் அந்தக் கஷ்கொட்டை மரங்கள் வெள்ளைப் பூங்கொத்துகளை நிமிர்த்திப் பூக்கத் தொடங்கும்போது ஹிர்ஷ்கார்டென் தோட்டத்திலோ அகுஸ்டீனெர் கெல்லரிலோ இடம் பிடிப்பதற்குப் பிற்பகலிலேயே போக வேண்டும். அகுஸ்டீனெர் கெல்லரில் எடெல்ஸ்டோஃப் என்ற வெளிர் லாகரை மரப் பீப்பாயிலிருந்து நேரடியாக ஊற்றுகிறார்கள். எஃகுக் கலத்திலிருந்து அழுத்தத்தோடு வருவதைவிட அதில் வாயு குறைவு, மென்மை அதிகம், வயிறு உப்பாது. உப்பிட்டுச் சுருள் சுருளாகச் சீவிய வெள்ளை முள்ளங்கியும், பாலாடைக் கட்டியோடு வெண்ணெயும் காரமற்ற பாப்ரிகாத்தூளும் வெங்காயமும் பிசைந்த ஓபாட்ஸ்டாவும் அதற்குத் துணை. தோட்டத்துக்கு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போகும் தமிழ்க் குடும்பங்களையும் நான் அறிவேன். ஹெல்லஸ் அதற்கும் இசைகிறது.

இளவேனில் காலைக்கு உரியது கோதுமை பீரான வைஸ்பீர். குறைந்தது பாதி மால்ட் கோதுமையாக இருக்க வேண்டும் என்பது விதி. 1602 முதல் இதைக் காய்ச்சும் உரிமை பவேரிய ஆட்சியாளர் கையில் தனியுரிமையாக இருந்தது. 1872-இல் கேயோர்க் ஷ்னைடர் அந்த உரிமையைப் பெற்று, மக்கள் கைவிட்டுக்கொண்டிருந்த வகையை மீட்டெடுத்தார். இதில் வரும் வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் யாரும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. இரண்டையும் ஈஸ்டே உண்டாக்குகிறது. மால்ட் கலவையை 45 டிகிரி அளவில் சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் கிராம்பு மணம் கூடும். ஷ்னைடரின் பீரில் கிராம்பும் வைஹென்ஸ்டெஃபான் ஆலையின் பீரில் வாழைப்பழமும் சற்று முன்னே நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஊற்றும் முறை முக்கியம். உயரமான குவளையைத் தண்ணீரில் அலசி ஈரமாகவே சாய்த்துப் பிடித்து, புட்டியின் வாய் குவளையின் உள்பக்கத்தைத் தொடும்படி மெதுவாக ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவைப் புட்டியிலேயே நிறுத்திச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்டையும் எழுப்பிச் சேர்க்க வேண்டும். வெள்ளைத் தொத்திறைச்சியும் இனிப்புக் கடுகும் நண்பகலுக்கு முன் உண்ணும் வழக்கம் இங்கே உண்டு. அந்தத் தட்டுக்கு அருகில் வேறு எந்த பீரும் பொருந்தாது. மிளகாய்க் குழம்புக்கு இதை நான் பரிந்துரைத்ததற்குக் காரணம், இதில் கசப்பு குறைவு, பழத்தன்மை அதிகம் என்பதுதான்.

பில்ஸ்னர் குறித்துச் சற்றுக் கறாராகவே சொல்கிறேன். இளவேனில் என்றால் பசுமை, பசுமை என்றால் ஹாப்ஸ், ஆகவே ஹாப்ஸ் மிகுந்த பில்ஸ்னரே இப்பருவத்துக்கு உரியது என்று வாதிடுவோர் உண்டு. மியூனிக்கிற்கு வடக்கே, உலகின் மிகப் பெரிய தொடர்ச்சியான ஹாப்ஸ் பரப்பான ஹாலர்டாவுக்கு ஏப்ரலில் போய்ப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. ஏழு மீட்டர் உயரக் கம்பங்களுக்கு இடையே கம்பிகள் மட்டுமே தொங்கும். மண்ணிலிருந்து அப்போதுதான் தலைகாட்டிய தளிர்களில் இரண்டு மூன்றைத் தேர்ந்து, குனிந்தபடியே ஒவ்வொரு கம்பியிலும் கடிகாரச் சுற்றில் கையால் சுற்றிவிடுவார்கள். எதிர்ச்சுற்றில் சுற்றினால் கொடி ஏறாது. எஞ்சிய தளிர்களை வெட்டிவிட வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் சில வாரங்கள் மட்டும் கிடைக்கும் இளந்தளிர்களை வெண்ணெயில் வதக்கி உண்கிறார்கள். முந்திரிப்பருப்பை ஒட்டிய மென்சுவையும் லேசான கசப்பும் அவற்றில் உண்டு. பீருக்குத் தேவையான பூங்காய்களின் அறுவடை ஆகஸ்ட் இறுதியில்தான் தொடங்கும். அதாவது மே மாதத்தில் நாம் குடிக்கும் பில்ஸ்னரின் ஹாப்ஸ் சென்ற ஆண்டினது, அரைத்து அடக்கிக் குளிரில் வைத்தது. அதனால் பீருக்குக் குறை எதுவும் இல்லை. இளவேனிலோடு அதற்குத் தனி உறவு இல்லை என்பதே என் கருத்து. பில்ஸ்னர் எல்லாப் பருவத்துக்கும் பொதுவான நல்ல பீர்.

அஸ்பாரகஸ் பருவத்தில் பில்ஸ்னரைத் தவிர்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஏப்ரல் நடுப்பகுதியில் தொடங்கி ஜூன் 24-ஆம் தேதி புனித யோவான் திருநாள் வரை, ஷ்ரோபென்ஹவுசென் வட்டாரத்து வெள்ளை அஸ்பாரகஸ் இங்கே எல்லாச் சந்தைகளிலும் குவியும். வெயில் படாமல் மண்மேட்டுக்குள்ளேயே வளர்த்து எடுக்கும் அந்தத் தண்டில் இயல்பாகவே மெல்லிய கசப்பு இருக்கிறது. அதன்மேல் பில்ஸ்னரின் கசப்பும் ஏறினால் தட்டில் உள்ள உருகிய வெண்ணெயின் சுவையும் உருளைக்கிழங்கின் சுவையும் மங்கிவிடும். ஹெல்லஸ் இங்கே நல்ல துணை. அதைவிடவும் நல்லது கோல்ஷ்.

கோல்ஷ் பவேரிய பீர் அன்று. கொலோன் நகரத்துக்கு உரியது. ஐரோப்பிய ஒன்றியம் 1997 முதல் அந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு அளித்திருக்கிறது. ஏல் ஈஸ்டால் நொதிக்கவிட்டு, பிறகு லாகர் போலக் குளிரில் முதிரவிடுவதால், ஹெல்லஸின் தெளிவோடு ஆப்பிளை ஒத்த நுண்ணிய பழமணமும் இதில் சேர்ந்திருக்கிறது. கொலோன் மதுக்கூடங்களில் இதை 0.2 லிட்டர் ஒடுக்கக் குவளையில் தருவார்கள். வட்டத் தட்டில் பொருத்திய குவளைகளோடு பணியாளர் சுற்றி வந்து, கேட்காமலே புதியதை வைத்துவிட்டு, அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். போதும் என்றால் அட்டையைக் குவளை மேல் வைத்து மூட வேண்டும். குவளை சிறியது என்பதால் பீர் சூடாவதற்குள் முடிந்துவிடுகிறது. ரைன் பள்ளத்தாக்கில் இளவேனில் மியூனிக்கை விடச் சீக்கிரம் வருகிறது; ஏப்ரலில் அங்கே போகிறவர்கள் மாய்பொக்கைத் தேடாமல் கோல்ஷ் குடிப்பதுதான் முறை. மியூனிக் கடைகளில் கிடைக்கும் கோல்ஷ் புட்டிகள் பல நேரம் பழையவையாக இருக்கின்றன. தேதி பார்த்து வாங்க வேண்டும்.

தேதி என்றதும் வாங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பானக்கடைகளில் 20 அரை லிட்டர் புட்டிகள் கொண்ட பெட்டியாக வாங்குவது இங்கே வழக்கம்; புட்டிக்கு 8 சென்ட், பெட்டிக்கு 1.50 யூரோ என்று மொத்தம் 3.10 யூரோ முன்பணம், திருப்பிக் கொடுத்தால் கிடைத்துவிடும். ஹெல்லஸை மட்டும் பெட்டியாக வாங்குங்கள், அதுவும் வேகமாக விற்றுத்தீரும் கடையில். ஹெல்லஸ் புதிதாக இருக்கும்போதுதான் அழகு. நாள் கடந்தால் ஈரமான அட்டைப்பெட்டியின் வாடை ஏறும். மாய்பொக்கைப் பல ஆலைகளிலிருந்து ஒவ்வொரு புட்டியாகப் பொறுக்கி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சை நிறப் புட்டியில் உள்ள எதையும் கடையின் சன்னலோரத் தட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டால் சிதைந்து கெட்ட நாற்றத்தை உண்டாக்கும். பழுப்புப் புட்டி அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும், பச்சைப் புட்டி தடுக்காது.

இப்படிப் பார்த்தால் என் வீட்டுக் கணக்கு மாதத்தைவிட வானிலையைச் சார்ந்தது. மாலையில் 10 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் மாய்பொக், பகல் முழுவதும் 18 டிகிரிக்கு மேல் நிற்கும் என்றால் ஹெல்லஸ், விடுமுறை நாளின் காலை என்றால் வைஸ்பீர். மே மாதத்தின் நடுவில் குளிர் திரும்பும் அந்தச் சில நாட்களுக்கென்று இரண்டொரு மாய்பொக் புட்டிகளை எடுத்து வைத்துக்கொள்வேன், ஏனெனில் மே முடிவதற்குள் பல கடைகளில் அது தீர்ந்துவிடுகிறது. ஜூன் தொடக்கத்திலும் தட்டில் மிஞ்சியிருக்கும் மாய்பொக்கைச் சில கடைகள் விலை குறைத்து விற்கும். வலுவான பீர் என்பதால் அது அவ்வளவு விரைவில் கெடுவதில்லை. பழுப்புப் புட்டியாகவும் தேதிக்கு இரண்டு மாதமாவது மீதியுள்ளதாகவும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். அதற்குள் வெயில் நிலைத்துவிட்டிருந்தால், இரவு பத்து மணிக்கு மேல் பால்கனி குளிர்ந்தபின் திறந்துகொள்ளுங்கள்.